மசக்கைக்காரியின் நாக்கு

திருவொற்றியூரில் கீரையும் கத்தரிக்காயும் கொத்தமல்லியும் விளைந்தது என்று நான் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்கு இருக்கிற கோபத்துக்கு என் மூத்த மகளின் வயது ஆகிறது. அதற்குக் காரணமானவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. செத்தவர்கள் மேல் என்ன கோபம், விட்டுத் தள்ளு என்று அவளே சொல்கிறாள். விட்டுத் தள்ளுகிற ஆளாக இருந்தால் எப்போதோ தள்ளியிருப்பேனே.

சுதந்திரம் வந்த மறு வருஷம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. என் புகுந்த வீட்டுத் தோட்டம் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் இருந்த மணல் பூமி. அந்த மணலில் கிணறு கட்டினால் நிற்காது. அதனால் அகலமாக ஒரு பள்ளம் தோண்டி, சரிவில் பனைமரத் துண்டுகளைப் படியாகப் போட்டிருந்தார்கள். அதைத் துரவு என்போம். எங்களையும் சேர்த்து நாலு வீட்டுத் தோட்டத்துக்கும் அந்த ஒரு துரவுதான். அது இருந்த இடம் என் மூத்தார் பேரில் இருந்தது. மூத்தார் என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலைக்குப் போய்விடுவார். தோட்டம் முழுக்க மூத்தார் பொறுப்பு, அவர் வாயில் எப்போதும் வெற்றிலையும் புகையிலையும் இருக்கும்.

துரவில் நல்ல தண்ணீர் இருந்ததே ஒரு ஆச்சரியம்தான். கூப்பிடு தூரத்தில் கடல். பெய்கிற மழை மணலில் இறங்கி மேலாக நிற்கும். அதற்கு அடியில் இருப்பது முழுக்கக் கடல் தண்ணீர். மேலே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டுகொண்டால் அது ஊறிக்கொண்டே இருக்கும். பேராசைப்பட்டு இறைத்தால் அடியில் இருப்பது மேலே வந்துவிடும். வந்தால் அந்த வருஷப் பயிர் போயிற்று. இது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும், மூத்தாருக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும்.

அதனால்தான் எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. விடிந்ததும் ஒரு வேளை, வெயில் தாழ்ந்ததும் ஒரு வேளை. பெண்கள் நாங்கள் இரண்டு கையிலும் குடத்தோடு இறங்கி, மொண்டு, ஏறி வந்து, குடத்தின் வாயில் விரலைக் கொடுத்துப் பாத்தி மேல் விசிறுவோம். செடியின் வேருக்குப் போகாத தண்ணீர் ஒரு கை கூட இருக்காது. ஐந்தாவது பனைப்படி வெளியே தெரிந்துவிட்டால் யாராக இருந்தாலும் குடத்தைக் கீழே வைத்துவிட வேண்டும். காலையில் முதலில் இறங்குகிறவள் ஒரு கை தண்ணீரை வாயில் வைத்து உருட்டிப் பார்த்துத் துப்பிவிட்டுச் சொல்ல வேண்டும். உப்புக் கரித்தால் அன்றைக்குத் தென்னைக்கு மட்டும்தான் தண்ணீர். கத்தரிக்கும் கொத்தமல்லிக்கும் பட்டினி போட்டுவிடுவோம். இரண்டு மூன்று நாள் துரவை அப்படியே விட்டால் மறுபடி தேறிவிடும்.

நான் எண்ணூர்ப் பக்கத்து உப்பளத்தில் பிறந்தவள். பாத்தித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, உப்பு விழ இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று அங்கே சின்னப் பிள்ளைகள் கூடச் சொல்லும். புகுந்த வீட்டில் என்னை உப்புக்காரி என்றுதான் கேலி செய்தார்கள். முதல் கோடையில் ஒரு நாள் நான் கரிக்கிறது என்றேன், மற்ற எவளும் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் எல்லோருடைய நாக்கிலும் கரித்தது. அதிலிருந்து ருசி பார்ப்பது என் வேலை ஆகிவிட்டது. மூத்தாருக்கு அதில் பெருமை வேறு. சொந்தக்காரர்கள் வந்தால், எங்க வூட்டு மருமக நாக்கு தராசு மாதிரி என்று சொல்லிக்கொள்வார்.

ஆனால் அவர் என்னிடம் ஒரு வார்த்தை நேரே பேசியதில்லை. தம்பி மனைவியிடம் மூத்தார் நேருக்கு நேர் பேசக் கூடாது, அவளும் அவர் எதிரில் நின்று பேசக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் வாசலில் நின்றபடி தன் மனைவியைப் பார்த்து, "அது இன்னா சொல்லுது?" என்பார். நான் கதவுக்குப் பின்னால் நின்று என் ஓரகத்தியிடம் சொல்வேன். அவள் அதைத் திருப்பி அவருக்குச் சொல்வாள். நான் அவருக்கு 'அது'. நல்ல நாளில் இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

அப்புறம் இரண்டு வருஷம் மழை சரியாகப் பெய்யவில்லை. ஊரெங்கும் காய்கறிக்குத் தட்டுப்பாடு. அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் இருந்த ஒரு ஆலையின் கான்டீனுக்குத் தினமும் காயும் கீரையும் கொடுக்கிற வேலை மூத்தாருக்குக் கிடைத்தது. ஒரு நாள் தவறினாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்களாம். தரிசாகக் கிடந்த மேட்டையும் கொத்திப் பாத்தி போட்டார். அவ்வளவு பாத்திக்கும் குடத்தில் மொண்டு ஊற்றி முடியாது என்று மாசி மாதத்தில் ஆயில் இஞ்சினை வாடகைக்குக் கொண்டுவந்தார். தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பாய் வந்து அதைத் துரவின் ஓரத்தில் பூட்டிவிட்டு, "பாத்து ஓட்டு நைனா, இது குடிக்க ஆரம்பிச்சா நிறுத்தாது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது சரியாகப் போயிற்று. நாங்கள் ஆறு பெண்கள் ஒரு காலை முழுக்க மொள்ளுகிறதை, ஒருத்தர் வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்தில் அந்த இஞ்சின் இழுத்துப் போட்டது. இழுத்த தண்ணீர் மணல் வாய்க்காலில் ஓடி, பாதி வழியிலேயே மணல் குடித்துவிடும். கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேர வேண்டும் என்று இன்னும் இழுப்பார்கள். ஐந்தாவது படி தெரிந்தது, ஆறாவதும் தெரிந்தது. யாரும் குடத்தைக் கீழே வைக்கவில்லை, ஏனென்றால் யார் கையிலும் குடமே இல்லை. மறுநாள் காலையில் துரவில் பழையபடி தண்ணீர் நின்றதைப் பார்த்து எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அது எங்கிருந்து வந்து நிற்கிறது என்று ஒருத்தர் கேட்கவில்லை.

அந்த மாதம்தான் எனக்கு நாள் தள்ளிப் போயிற்று. சோற்றைக் கண்டால் குமட்டல், மீன் வாசம் வந்தால் ஓட்டம். மசக்கை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பங்குனி பிறந்து சில நாள் ஆகியிருக்கும். காலையில் ஒரு கை தண்ணீரை வாயில் வைத்தேன். நாக்கின் ஓரத்தில் உறுத்தியது. துப்பிவிட்டு இன்னொரு கை எடுத்தேன். சந்தேகமே இல்லை. வீட்டுக்கு வந்து ஓரகத்தியிடம், "அக்கா, தண்ணி கரிக்குது. நாலு நாளு இஞ்சினை நிறுத்தச் சொல்லு" என்றேன்.

வாசலில் மூத்தார் வழக்கம்போல், "அது இன்னா சொல்லுது?" என்றார்.

"அதுக்கு வாயி சரியில்லையாம். மசக்கை இல்ல, எதை வாயில வச்சாலும் உப்பா தெரியுதாம்."

கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு இதைக் கேட்டேன். நான் சொன்னது ஒன்று, அவள் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒன்று. அவளைக் கேட்டால், காலங்கார்த்தாலே அவரைக் கோபப்படுத்துவானேன் என்கிறாள். கான்டீன் வண்டி வருகிற நேரமாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாளும் சொன்னேன், அதற்கு மறுநாளும் சொன்னேன். மூத்தார் தானே இறங்கி ஒரு கை குடித்துப் பார்த்து, நல்லாத்தானே கீது என்றார். புகையிலைச் சாறு ஊறிக் கிடக்கிற வாய். அந்த வாயில் கடலையே ஊற்றினாலும் கண்டுபிடிக்காது. அந்த வாய் சொன்னது சரி, என் வாய் சொன்னது தப்பு. மூன்று கோடை அந்தத் தோட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்த நாக்கு, வயிற்றில் பிள்ளை தரித்த அன்றைக்குக் கெட்டுப்போய்விட்டது என்று ஒரு வீடே கூடி முடிவு பண்ணியது. குமட்டுகிறவளுக்கு உப்பு தெரியாதா? சோறு வேண்டாம் என்றால் புத்தியும் வேண்டாம் என்றா அர்த்தம்?

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அண்ணாத்தே பாத்துக்குவாரு. நீ உடம்பைப் பாத்துக்கோ" என்றார். நல்ல மனுஷர். அவருடைய நல்ல குணத்தை வைத்துக்கொண்டு ஒரு குடம் தண்ணீரைக் கூட இனிப்பாக்க முடியவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் புருஷன் இல்லாத ஒருத்தி இருந்தாள். மூன்று பாத்தி கொத்தமல்லிதான் அவளுக்குச் சோறு. பறித்துக் கட்டித் தலையில் வைத்து வண்ணாரப்பேட்டைச் சந்தைக்கு நடப்பாள். எல்லோரும் அவளை மல்லிக்காரி என்போம். அவளைத் துரவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குடிக்க வைத்தேன். வாயில் வைத்து உருட்டினாள். "ஆமாண்டி, கரிக்கத்தான் கரிக்குது" என்றாள். வந்து சொல்லு என்றேன். "தொரவு அவுங்களுது. நாளைக்கி என்னை எறங்கக் கூடாதுன்னா நா எங்க போவேன்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் மேலும் எனக்குக் கோபம்.

அப்போதுதான் உப்பளத்து யோசனை வந்தது. ராயபுரத்துக் குழாயில் ஒரு சீசா தண்ணீர் பிடித்துக்கொண்டு வரச் சொல்லி என் வீட்டுக்காரரைக் கேட்டேன். மசக்கைக்காரியின் ஆசை என்று நினைத்துக்கொண்டு, நல்ல துணியில் சுற்றி ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு அலுமினியத் தட்டில் அந்தக் குழாய்த் தண்ணீர், இன்னொரு தட்டில் துரவுத் தண்ணீர், இரண்டையும் வெயிலில் வைத்தேன். வற்ற வற்ற ஊற்றினேன். இரண்டாம் நாள் சாயங்காலம் குழாய்த் தண்ணீர்த் தட்டில் லேசாகப் புகை படிந்த மாதிரி ஏதோ இருந்தது. துரவுத் தண்ணீர்த் தட்டின் அடி முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது.

இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டி வெளியே வந்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக மூத்தார் எதிரில் நின்றேன். "மாமா, இதை நாக்குல வச்சுப் பாருங்க. அப்புறம் என் வாயி கெட்டுப்போச்சா இல்லையான்னு சொல்லுங்க" என்றேன்.

இஞ்சின் நின்றிருந்த நேரம். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் வாயில் இருந்ததைத் துப்பினார். விரலை வெள்ளையில் வைத்து எடுத்து நாக்கில் தடவினார். அவர் கண் ஒரு நொடி அப்படியே நின்றது. அதை நான் பார்த்தேன், ஒரு அடி தூரத்தில் நின்று பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை, ஓரகத்தி இருந்த பக்கம் திரும்பி, "மண்ணு. வெறும் மண்ணு. இது ஏன் இப்டி நடுவாசல்ல வந்து நின்னுகினு கீது? மானம் போவுது, உள்ள கூப்டு" என்றார்.

தண்ணீர் கரித்ததை விட்டுவிட்டார்கள். நான் மூத்தார் முகத்துக்கு நேரே நின்று பேசியதைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு வீட்டில் அதுதான் பேச்சு. மசக்கையில் பித்துப் பிடித்துவிட்டது, ஏதாவது ஆகிவிடப் போகிறது, தாய் வீட்டில் இருந்தால் தேவலை என்றார்கள். வளைகாப்புப் போட்டு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ அனுப்புவதுதான் வழக்கம். என்னை மூன்றாம் மாதத்தில் ஒரு மூட்டைத் துணியோடு அனுப்பினார்கள். உப்பளத்தில் என் அம்மாவிடம் ஊர்ப் பெண்கள் வந்து, என்ன சண்டை என்று காதோடு காதாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். இஞ்சின் நிம்மதியாக ஓடட்டும் என்றுதான் என்னை அனுப்பினார்கள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

என் வீட்டுக்காரர் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வந்தார். முதலில், கான்டீனுக்குக் காய் ஒழுங்காகப் போகிறது என்றார். அப்புறம் கேட்டால் பேச்சை மாற்றினார். ஆடியில் வந்தபோது நானே விடாமல் கேட்டேன். கொத்தமல்லி முதலில் போயிற்றாம். கத்தரி இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டுவிட்டதாம். பாத்தி மேல் வெள்ளை பூத்துவிட்டதாம். கான்டீன்காரன் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டான், இஞ்சினை பாய் வந்து கழற்றிக்கொண்டு போய்விட்டார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

புரட்டாசிக் கடைசியில் பெண் பிறந்தாள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அந்த வருஷம் வானம் பொத்துக்கொண்டு பெய்தது. மார்கழியில் குழந்தையோடு திரும்பிப் போனேன். வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே தெருவில் ஒருத்தி பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் இருந்திருந்தா தோட்டம் இப்டி ஆயிருக்குமா? தண்ணி கரிக்கறதைச் சொல்ல ஆளு இல்லாம போச்சேன்னு உங்க மூத்தார் சொல்லாத நாளு இல்ல" என்றாள்.

 இவள் மட்டும் இல்லை, இன்னும் மூன்று பேர் அதையே சொன்னார்கள். நான் தாய் வீட்டுக்குப் போய்விட்டேனாம். அதனால் ருசி பார்க்க ஆள் இல்லையாம். அதனால் தோட்டம் போயிற்றாம். நாலு வீட்டுச் சோற்றில் உப்பைக் கொட்டிவிட்டு, பழியைத் தூக்கி என் மடியில் வைத்து, அதன் மேல் கொஞ்சம் புகழ்ச்சியையும் தூவியிருந்தார் அந்த மனுஷர். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். பாராட்டிப் பழி போட்டதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

தை பிறந்ததும் ஒரு கம்பெனிக்காக இடம் பார்க்கிறவர் வந்தார். எங்களுடையதையும் பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்து மொத்தமாக வேண்டுமாம். நாலு வீடும் ஒரே பேச்சாக இருந்தால்தான் ஆகும் என்றார். ஒருத்தர் கொடுத்துவிடலாம் என்றார். ஒருத்தர், மழை பெய்து உப்பு கழுவிக்கொண்டு போயிருக்கும், இன்னொரு வருஷம் பார்க்கலாம் என்றார். ஆளாளுக்கு இறங்கிக் குடித்துப் பார்த்து ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் உப்புக்காரி சொல்லட்டும், அவள் சொன்னபடி செய்வோம் என்று நாலு வீடும் ஒத்துக்கொண்டது.

எல்லோரும் துரவைச் சுற்றி நின்றார்கள். குழந்தையை ஓரகத்தியிடம் கொடுத்துவிட்டு நான் இறங்கினேன். ஒரு கை எடுத்தேன். வாயில் உருட்டினேன். தண்ணீர் நன்றாக இருந்தது. உறுத்தல் இல்லை, கரிப்பு இல்லை. குடத்தில் மொண்டு பக்குவமாக ஊற்றினால் அந்தத் தோட்டம் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் விளைந்திருக்கும். விழுங்கிவிட்டு மேலே ஏறி வந்தேன்.

மூத்தார் முதல் தடவையாக என்னிடம் நேரே பேசினார். "சொல்லும்மா. எப்டிகீது?"

அந்த 'அம்மா'வைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வழக்கமாம் வழக்கம். அவருக்குத் தேவை என்று வந்தால் அது எங்கே போயிற்று?

"அன்னிக்கு தட்டுல இருந்தது இன்னா மாமா?" என்று கேட்டேன். "மண்ணா, உப்பா? இத்தனை பேருக்கு முன்னால அதைச் சொல்லிடுங்க. அப்புறம் நா சொல்றேன்."

அவர் முகம் சிறுத்துப் போயிற்று. உப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அங்கே நின்றவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மல்லிக்காரியும் பார்த்தாள். "பழங்கதை இப்ப இன்னாத்துக்கு" என்றார் அவர்.

"அப்போ என் வாய்க்கும் ஒண்ணும் தெரியல. பால் குடுக்கறவ வாயி, கெட்டுத்தான் கெடக்கும்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

உப்புக்காரியே உறுதி சொல்லாத தண்ணீரை நம்ப முடியாது என்று நாலு வீடும் இடத்தைக் கொடுத்துவிட்டது, ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்தது. துரவைத் தூர்த்துச் சுவர் எழுப்பினார்கள். மூத்தாருக்குக் கைக்கு நிறைய வந்தது. எங்களுக்கும் ஏதோ வந்தது. மல்லிக்காரியின் மூன்று பாத்தியும் குத்தகை நிலம், அவளுக்கு எதுவும் வரவில்லை. ரயில் பாதை ஓரம் கரி பொறுக்கி விற்கப் போனாள். அவள் தலையில் கரிக்கூடையோடு போவதைப் பார்த்தால் நான் வேறு தெருவில் திரும்பிவிடுவேன். அப்போதும் எனக்கு மூத்தார் மேல்தான் கோபம் வந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவள் இப்படி ஆகியிருப்பாளா என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஐந்தாறு வருஷம் கழித்து எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது. ஒரு நாள் குடத்தோடு வரிசையில் நின்றபோது எனக்குப் பின்னால் அவள் நின்றாள். திரும்பிப் போக வழி இல்லை. குழாயில் தண்ணீர் சன்னமாக வந்துகொண்டிருந்தது. அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு உனக்கு முன்னால நானும் எறங்கி ஒரு கை குடிச்சேன். எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. சொல்லலாம்னு வாயெடுத்தேன். நீ ஏறி வந்து ஒண்ணும் தெரியலன்னுட்ட. உனுக்கே தெரியலன்னா என் நாக்குக்கு இன்னா தெரியப்போவுதுன்னு வாயை மூடிக்கினேன்."

குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். என் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, நான் எடுக்கவில்லை.

"உன் நாக்கு சரியாத்தான் சொல்லிச்சு" என்றேன். "எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் என் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.